பொம்மைக்குப் புடவை கட்டியது யார்?

நவீனத்துவம் பேசுகிறவர்களுக்குப் பொம்மை என்றதும் ஒரு கிறக்கம் வந்துவிடுகிறது. சென்ற மாதம் திண்டிவனத்தில் ஏழெட்டுப் பேர் கூடிய கூட்டத்தில் நண்பர் ஒருவர் படித்த கட்டுரை இந்தக் கிறக்கத்துக்கு நல்ல உதாரணம். 1810இல் மரப்பாவைக் கூத்தைப் பற்றி க்ளைஸ்ட் எழுதியது, 1914இல் மெழுகுப் பொம்மைகளைப் பற்றி ரில்கே எழுதியது, 1934இல் ஹான்ஸ் பெல்மர் கைவேறு கால்வேறாகப் பிரித்து மாட்டிப் புகைப்படம் எடுத்த பெண்பொம்மை, எல்லாவற்றுக்கும் மேலாக ஓவியர் கோகோஷ்கா செய்வித்துக்கொண்ட ஆளுயரப் பொம்மை என்று வரிசையாக வந்தது. மனிதன் மனிதனிடமிருந்து அந்நியமாகிப்போனதன் குறியீடு பொம்மை என்பது கட்டுரையின் முடிவு. சரி, இருக்கட்டும். நாற்பது வருஷமாகக் கேட்டு வருகிற முடிவுதான்.

என் சண்டை முடிவோடு அல்ல. கட்டுரையின் கடைசிப் பகுதியில் நண்பர் இன்றைக்கு வந்தார். ஜப்பானிலும் சீனாவிலும் அமெரிக்காவிலும் சிலிகோனில் வார்த்து விற்கிற ஆளுயரப் பொம்மைகள் பற்றிச் சொன்னார். தனியாக வாழும் ஆண்கள் வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, அவை. அத்தகைய பொம்மை ஒன்றோடு வரும் பராமரிப்புக் குறிப்பைத் தமிழாக்கி வாசித்தார். எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படித் துவட்டுவது, எந்த நிறத் துணி உடுத்துவது, எப்படிப் படுக்க வைப்பது. கூட்டம் சிரித்தது. நண்பரும் சிரித்துக்கொண்டே வாசித்தார். அபத்தத்தின் உச்சம் என்று பெயர் சூட்டி முடித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

குறிப்பில் இருந்தது என்ன? வெந்நீர் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீர் போதும். காரமில்லாத சோப்பு. தேய்க்காதே, ஒற்றி எடு. மடிப்புகளிலும் மூட்டிடுக்குகளிலும் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்தபின் மெல்லிய பவுடர் தூவு, இல்லையென்றால் மேல்தோல் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். டிபிஇ என்கிற மலிவான ரப்பர்க் கலவை என்றால் அதில் கலந்திருக்கும் எண்ணெய் நாளடைவில் கசிந்து வெளியேறி வறண்டு வெடிக்கும், ஆகவே அவ்வப்போது கனிம எண்ணெய் தடவு. சாயம் போகும் கறுப்பு, கருநீலத் துணி உடுத்தாதே, கறை தோலுக்குள் இறங்கினால் போகாது. இறுக்கமான நாடா, கூரான கொக்கி, மோதிரத்தின் முனை எல்லாம் ஆபத்து. கையைத் தூக்கியபடியோ காலை அகட்டியபடியோ நாள் கணக்கில் விடாதே, அக்குளிலும் தொடையிடுக்கிலும் கிழியும். ஒரே பக்கமாகப் படுக்க வைத்தால் அழுந்திய இடம் தட்டையாகிவிடும். நேர் வெயிலில் வைக்காதே.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஒரு பொருளின் இயல்பு தெரிந்தவன், அந்தப் பொருளைத் தொடப்போகிற இன்னொருவனுக்குச் சொல்லும் வார்த்தைகள் இவை. வலிக்கிறது என்று பொம்மை சொல்லாது. ஆகவே அதற்குப் பதிலாகத் தாள் சொல்கிறது. பொம்மை வாங்குகிறவனின் ஆசையைப் பற்றி, பெண்ணைச் சந்தைச் சரக்காக்கும் தொழிலைப் பற்றி நண்பர் என்ன வேண்டுமானாலும் திட்டட்டும், முக்கால்வாசி நானும் சேர்ந்து திட்டுவேன். ஆனால் அவர் திட்டியது அதை அல்ல. துடைப்பதையும் உடுத்துவதையும். ஆசை அவருக்குத் தத்துவம், துடைப்பது கேலிக்கூத்து. இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது?

அவருடைய கதாநாயகர் கோகோஷ்காவிடமிருந்தே தொடங்குகிறேன். ஆல்மா மாலர் கைவிட்டுப் போனாள். 1915இல் க்ரோபியஸ் என்ற கட்டடக் கலைஞரை மணந்தாள். யுத்தத்தில் காயப்பட்டுத் திரும்பிய கோகோஷ்கா 1918இல் மியூனிக்கிலிருந்த ஹெர்மினே மூஸ் என்ற பொம்மை செய்யும் பெண்ணிடம் ஆல்மாவைப் போலவே ஆளுயரத்தில் ஒரு பொம்மை செய்யச் சொன்னார். கடிதம் கடிதமாக எழுதினார். எங்கே சதை, எங்கே எலும்பு, எங்கே தசைநார் தட்டுப்பட வேண்டும், தொட்டால் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம். உடுத்திப் பார்க்க உயர்ந்த ஆடைகளும் உள்ளாடைகளும் தயாராக இருந்தன. 1919இல் பொம்மை வந்தது. திறந்து பார்த்த கலைஞருக்கு அதிர்ச்சி. மேல்தோல் முழுக்கப் புசுபுசுவென்று ரோமமும் தூவியுமாக இருந்தது. கரடித் தோல் போலிருக்கிறது, ஒரு காலுறையைக்கூட இதன் மேல் ஏற்ற முடியாது என்று மூஸுக்குக் கோபமாக எழுதினார்.

இந்த இடத்தை நண்பரின் கட்டுரை ஒரு வாக்கியத்தில் தாண்டிவிட்டது. எனக்கோ விவகாரமே இங்கேதான் இருக்கிறது. ஆளுயரப் பொம்மைக்கு உடுத்த வேண்டுமென்றால் மேல்தோல் வழுக்க வேண்டும். வழுக்கும் தோல் தொடுவதற்கு மென்மையாக இருக்காது. மென்மையாக இருக்கும் ரோமத்தோல் துணியைப் பிடித்துக்கொள்ளும். 1918இல் சிலிகோன் கிடையாது. துணி, பஞ்சு, தூவி, தோல் இவ்வளவுதான். இந்த முரணை ஒரு பெண் மியூனிக்கில் மாதக்கணக்கில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து தீர்க்கப் பார்த்திருக்கிறாள், தீர்க்க முடியவில்லை. கோகோஷ்காவுக்கு அது அவள் கைத்திறன் குறைவு. நம் நண்பருக்கு அது ஒரு வேடிக்கையான துணுக்கு.

பிறகு அந்தப் பொம்மைக்கு உடுத்தியது யார்? ட்ரெஸ்டனில் அவர் தங்கியிருந்த வீட்டின் வேலைக்காரப் பெண். அவள் சொந்தப் பெயர் ஹுல்டா, ஓவியர் தம் சௌகரியத்துக்கு ரேசெர்ல் என்று மாற்றிக் கூப்பிட்டார். பொம்மையின் பணிப்பெண்ணாக அவளை வைத்தார். கோகோஷ்கா வரைந்தார்: 1919இல் 'நீல உடையில் பெண்', 1922இல் 'பொம்மையோடு ஓவியன்'. அந்த நீல உடையின் மடிப்புகளைப் பற்றிக் கலை விமர்சனம் பேசும். மடிப்புகளை இழுத்துச் சரிசெய்த கையைப் பற்றிப் பேசாது. கடைசியில் ஒரு விருந்து. குடித்துக் கும்மாளமிட்டு, பொம்மையின் தலையைத் துண்டித்துச் சிவப்பு ஒயினை அதன் மேல் கொட்டினார்கள். மறுநாள் காலை தோட்டத்தில் கிடந்ததைக் கொலையுண்ட உடல் என்று நினைத்துப் போலீஸ் வந்தது. குப்பை வண்டி எடுத்துப் போனது. இதை நண்பர் கலைஞனின் விடுதலை என்கிறார். ஒயின் கறை படிந்த தோட்டத்தையும் வீட்டையும் யார் கழுவினார்கள் என்று கேட்டால் சமூகவியல் பேசுகிறேன் என்பார்.

கவிகள் எல்லோரும் இப்படி அல்ல. ஓவிட் சொன்ன பிக்மாலியன் கதையில் சிற்பி தான் செதுக்கிய தந்தப் பெண்ணுக்குத் தானே ஆடை உடுத்துகிறான், தானே மோதிரம் போடுகிறான், மெத்தையில் கிடத்துகிறான். அழுத்திப் பிடித்தால் கன்றிப் போகுமோ என்று பயப்படுகிறான். அந்தப் பயந்தான் அந்தக் கதையின் உயிர். தேவதை வரம் கொடுத்ததெல்லாம் பிற்பாடு. உருகுவே நாட்டு ஃபெலிஸ்பெர்த்தோ எர்னாண்டெஸ் 1949இல் எழுதிய 'ஓர்த்தென்சியாக்கள்' என்ற நெடுங்கதையில் ஆளுயரப் பொம்மைக்கு உடற்சூடு வேண்டுமென்று உள்ளே வெந்நீர் நிரப்பும் ஏற்பாடு வருகிறது. அந்நியமாதல் பற்றி எர்னாண்டெஸ் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. வெந்நீர் ஆறுமே, திரும்ப நிரப்ப வேண்டுமே என்ற கவலையில் வாசகனை விட்டுவிடுகிறார். நம்மவர்கள் படிப்பதில் இந்த மாதிரி இடங்கள் ஏன் தட்டுப்படுவதில்லை என்பது எனக்கு நெடுநாளாய்ப் புதிர்.

கூட்டத்தில் நண்பரை மறுத்த ஒருவர் இருந்தார். அவர் இன்னும் மோசம். இதெல்லாம் மேல்நாட்டு வக்கிரம், நம் மரபில் படிமத்துக்கு உயிர் உண்டு, நாம் பொம்மையாகப் பார்ப்பதில்லை என்று ஆரம்பித்தார். இந்த வகைப் பெருமிதம் கேட்கச் சுகம். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

படிமம் என்ற சொல்லை நாம் எழுபதுகளிலிருந்து கவிதை விமர்சனத்தில் தேயத்தேயப் புழங்கி வருகிறோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அது பிரதிமம். செப்புத் திருமேனி. மனித உருவில் செய்து, அன்றாடம் குளிப்பாட்டி, உடுத்தி, பூட்டி, படுக்க வைத்து எழுப்பும் திருமேனி. ஆளுயரப் பொம்மையின் பராமரிப்பு பற்றி உலகத்திலேயே அதிகம் யோசித்தவர்கள் நம் ஊர்க் கோயில்காரர்களாக இருக்கக்கூடும். அவர்களுடைய சொல்லையே பாருங்கள்: எண்ணெய்க்காப்பு, தைலக்காப்பு, சந்தனக்காப்பு. அலங்காரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கு அவர்கள் இட்ட பெயர் காப்பு. பாதுகாப்பில் இருக்கிறதே, அதே காப்பு.

ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் மூலவர் சுதையால் ஆனவர். சுண்ணச் சாந்து. தண்ணீர் பட்டால் கரையும். அதனால் அவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புத்தான். குளியல் முழுவதும் உலோகத்தாலான உற்சவருக்கு. திருமலையில் உற்சவ மூர்த்திகளுக்கு வருஷத்தில் பெரும்பகுதி தங்கக் கவசம் மாட்டியே இருக்கிறது. ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தின்போது மூன்று நாள் மட்டும் களைவார்கள். ஓயாத அபிஷேகத்தாலும் ஊர்வலத்தாலும் திருமேனி தேய்ந்துபோகாமல் இருக்க ஏற்பட்ட விழா என்று தேவஸ்தானமே சொல்கிறது. ஒரு விழாவின் காரணம் பக்தியல்ல, தேய்மானம்! எனக்கு இதைவிட நவீனமான செய்தி சமீபத்தில் கிடைக்கவில்லை.

2019இல் காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் வெளியே வந்தபோது திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வேன் வேனாகப் போனார்கள். அத்தி மரத்தாலான பெருமாள், நாற்பது வருஷம் கோயில் குளத்துக்குள் இருப்பவர். 1979க்குப் பிறகு அந்த வருஷம் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் தரிசனம். ஜூலை முழுதும் சயனம், ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து நின்ற கோலம். தினம் ஒரு நிறத்தில் பட்டு. எல்லோரும் பட்டின் நிறத்தைப் பேசினார்கள். நாற்பது வருஷம் தண்ணீரில் ஊறிய மரம் காற்றோட்டத்தில் வேகமாக உலர்ந்தால் வெடிக்கும் என்பதையும், படுத்திருந்ததை நிமிர்த்தும்போது எங்கே கை கொடுக்க வேண்டும் என்பதையும், பட்டைச் சுற்றும்போது எங்கே முடிச்சு விழக் கூடாது என்பதையும் யாரோ சிலர் யோசித்திருக்க வேண்டும். கோடி பேர் பார்த்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பார்த்தவர்கள் கணக்கு மட்டும் எப்போதும் கிடைக்கும்.

இதோடு நிறுத்தினால் மரபுப் பெருமிதக்காரர் என்னைத் தம் கட்சியில் சேர்த்துக்கொள்வார். அதற்கு இடம் கொடுக்கப்போவதில்லை. நம் மரபில் காப்பு இருந்த அளவுக்கு நாசமும் இருந்தது. திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்றுதான் சொல்கிறார்கள், ஊர்ச் சிவன் திந்திரிணீஸ்வரர். அந்தப் புளிதான் செப்புத் திருமேனிகளுக்கு எமன். புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்துப் பளபளக்கச் செய்யும், உண்மை. நார் வைத்துத் தேய்த்துத் தேய்த்து மூக்கும் உதடும் விரல் நகமும் மழுங்கிப்போன திருமேனிகளை நம் ஊர்க் கோயில்களில் எத்தனை வேண்டுமானாலும் பார்க்கலாம். தேய்ந்த கண்ணை உளி வைத்துப் புதிதாகக் கீறிய கொடுமையும் உண்டு. அபிஷேகப் பாலும் தேனும் பஞ்சாமிர்தமும் ஆபரண மடிப்புகளில் தங்கிப் புளிக்கும். உப்பு எந்த வழியில் சேர்ந்தாலும் செம்போடு கூடிக் குளோரைடாகி, ஈரத்தில் வெளிர்பச்சைப் பொடியாக உள்ளிருந்து அரிக்கும். வெளியே துடைத்தால் நிற்காது, மறுபடி வரும். வெண்கல நோய் என்று இதற்குப் பெயர். 1930களில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் என்ற ரசாயன அறிஞர் மின்பகுப்பு முறையில் இந்த நோய்க்கு வைத்தியம் பார்த்தார். சோழர் செம்புகளைப் பற்றி நம் இலக்கிய நண்பர்கள் எத்தனையோ பரவசக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். ரோதான் நடராஜரைப் பற்றி எழுதியதை எல்லோரும் சொல்வார்கள். பரமசிவனைப் பற்றி அவற்றில் ஒரு வரி பார்த்த ஞாபகம் எனக்கில்லை.

தேய்மானம் என்பது எனக்குத் தினசரி விவகாரம். விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் கிளையில் நகைக்கடன் உண்டு. மதிப்பீட்டாளர் உரைகல்லில் நகையை இழைத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத அளவு தங்கம் கல்லுக்குப் போகிறது. மாற்றுத் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் இழக்க வேண்டும். நல்ல மதிப்பீட்டாளர் நகையின் முகப்பில் இழைக்க மாட்டார், கொக்கியின் உள்பக்கத்தில் இழைப்பார். இந்த விவேகம் புளி போட்டுத் தேய்த்தவருக்கு இல்லை. விமர்சகருக்கும் இல்லை என்று சொல்ல நாக்கு அரிக்கிறது, அது வேறு கட்டுரை.

கோயிலில் உடுத்துவது திரைக்குப் பின்னால் நடக்கிறது. மணி அடித்துத் திரை விலகும்போதுதான் நாம் பார்க்கிறோம். நம்முடைய ரஸனை முழுவதும் திரை விலகிய பிறகு ஆரம்பிக்கும் ரஸனை. புதுமைப்பித்தன் 'சிற்பியின் நரகம்' எழுதியபோது, தன் நடராஜரை யாரும் சிலையாகப் பார்க்கவில்லை, மோட்சம் கேட்கும் இடமாக்கிவிட்டார்கள் என்று துடிக்கும் சிற்பியைப் படைத்தார். அற்புதமான கதை. அந்தச் சிற்பியின் பக்கம் நின்றே நாம் மூன்று தலைமுறையாக விமர்சனம் எழுதி வருகிறோம்: ஒரு பக்கம் படைப்பாளி, மறுபக்கம் பார்க்கத் தெரியாத பக்த கோடிகள். இந்த இரண்டுக்கும் நடுவில் தினம் இருட்டில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும் மூன்றாவது ஆள் நம் வரைபடத்தில் இல்லை. சிற்பி செய்து கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான், பக்தன் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறான். போகாமல் இருப்பது இந்த ஆள் ஒருவர்தான்.

ராஜராஜனுக்கு அந்த ஆள் தெரிந்திருந்தார். தஞ்சைக் கல்வெட்டுகளை நண்பர் ஒரு தடவையாவது புரட்டட்டும். ஒவ்வொரு பிரதிமத்துக்கும் முழம், விரல் என்று அளவு, எத்தனை திருக்கை, எத்தனை நகை, நகையில் அரக்கும் சரடும் நீக்கி எடை எவ்வளவு. வங்கிப் பேரேடு தோற்றது. நானூறு ஆடல் மகளிரின் பெயரும் அவர்கள் வீடு எந்தத் தெருவில் எத்தனையாவது என்பதும் இருக்கிறது. அந்தப் பட்டியலின் தொடர்ச்சியில் தையற்காரருக்கும், துணி வெளுப்பவருக்கும், குயவருக்கும், தச்சருக்கும், கன்னாருக்கும் இன்ன பங்கு நெல் என்று எழுதியிருக்கிறது. ராஜராஜனை நான் ஜனநாயகவாதி ஆக்கவில்லை. தன் பெருமைக்காகவே கல்லில் வெட்டிக்கொண்டான். ஆனால் சாமிக்குத் துணி கிழிந்தால் தைக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சோறு வேண்டும் என்ற பிரக்ஞை ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் கணக்கில் இருக்கிறது. ஐரோப்பிய நவீனத்துவத்தைக் கரைத்துக் குடித்த நம் கட்டுரையில் இல்லை.

நண்பர் பதிலுக்குக் கூவாகத்தைச் சொன்னார். கோகோஷ்கா பொம்மையின் தலையை வெட்டியது ஒரு சடங்கு, நம் கூத்தாண்டவர் பலியும் அதுவேதான் என்று. ஒப்பீடு கேட்க நன்றாயிருக்கிறது. கொஞ்ச காலமே பிடித்துவைத்திருந்த பொம்மையைப் போதையில் உடைத்ததும், வருஷா வருஷம் சித்திரையில் நடப்பதும் ஒன்றா? விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019இல் பிரிந்து கள்ளக்குறிச்சிக்குப் போன அந்த ஊரில் கூத்தாண்டவரின் மரத்தாலான தலை பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது, வர்ணம் புதுப்பிக்கப்படுகிறது. உடல் மட்டும் வைக்கோல் பிரியால் ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கட்டப்படுகிறது. சுற்றுவட்டார ஊர்களுக்கு அதில் பங்கும் முறையும் உண்டு. தேரில் ஏறி அழுகளம் போகும் வழியில் உடல் கலைகிறது. முந்தைய இரவு தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் தாலி அறுத்து வெள்ளை உடுத்துகிறார்கள். தலை திரும்பக் கோயிலுக்கு வருகிறது. எதைக் கலைக்கலாம், எதைக் கலைக்கக் கூடாது என்று பிரித்துவைத்த அறிவு அது. அடுத்த சித்திரைக்கு வைக்கோல் பிரி முறுக்க ஆள் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் செய்யும் அழிவு. ட்ரெஸ்டன் தோட்டத்தில் கிடந்தது வெறும் குப்பை.

நம் காலத்துப் பாவைக்கு வருகிறேன். விழுப்புரத்தில் எந்தத் துணிக்கடை வாசலிலும் நிற்கிறதே ஃபைபர் பொம்மை, அதற்குப் புடவை கட்டிப் பார்த்திருக்கிறாரா நண்பர்? நான் கட்டியதில்லை, கட்டுவதை நின்று பார்த்திருக்கிறேன். முதலில் கையைத் திருகிக் கழற்றி ரவிக்கைக் கையை ஏற்றி, பிறகு கையைத் தோளில் மாட்ட வேண்டும். அவசரப்பட்டால் விரல் உடையும். உடைந்த விரலை எம்-சீல் வைத்து ஒட்டிச் சாயம் பூசுவார்கள், வெளிர் சாயம் கிடைக்காவிட்டால் ஒரு விரல் மட்டும் கறுத்திருக்கும். பொம்மைக்கு இடுப்பு வழுக்கும், கொசுவம் நிற்காது. இடுப்பில் ஒரு நாடாவை இறுக்கிக் கட்டி அதில் செருக வேண்டும், பின்பக்கம் குண்டூசி. ஊசி துணியில் மட்டும் ஏற வேண்டும். பொம்மையில் கீறல் விழுந்தால் அடுத்த பட்டு அதில் மாட்டி இழுக்கும், இழை போனால் புடவைக்குப் பதில் சொல்ல வேண்டியவள் கட்டிய பெண். ஆடை மாற்றும்போது ஒரு பழைய புடவையைப் பொம்மைமேல் சுற்றிவிட்டுத்தான் அந்தப் பெண் வேலையை ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல. 2013இல் மும்பை மாநகராட்சி உள்ளாடை போட்ட கடைப் பொம்மைகளைத் தடை செய்யத் தீர்மானம் போட்டது. ஆண்கள் மனசு கெட்டுவிடுமாம். தீர்மானம் போட்டவர்களுக்குப் பொம்மை கண்ணில் பட்டது. பக்கத்தில் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றவள் பட்டாளா என்று தெரிய அதில் வழியில்லை.

நின்றவள் என்கிறேன். அந்தப் பெண்கள் காலையிலிருந்து இரவு கடை மூடும்வரை நிற்பார்கள். பொம்மைக்காவது பாதத்தில் கம்பி செருகிய பீடம் உண்டு. கேரளம் 2018இல் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 1947ஆம் வருஷத்துக் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று எழுத 2021 வரை ஆயிற்று. எழுபத்து நாலு வருஷம். நடுவில் 2010இல் 'அங்காடித் தெரு' என்று ஒரு படம் வந்தது, வெகுஜன சினிமா என்று நம்மில் பாதிப் பேர் பார்க்கவேயில்லை. சட்டம் வந்த பிறகும் முக்காலி எந்தக் கடையில் எங்கே போட்டிருக்கிறது என்று போய்ப் பார்க்கலாம், விழுப்புரம் தூரமில்லை, திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் வண்டி இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். சொல்கிறேன். அந்தச் சிலிகோன் பொம்மையின் குறிப்பில் ஒரு வரி இருந்ததல்லவா, ஒரே பக்கமாகப் படுக்க வைக்காதே என்று? கூட்டத்தில் பலமான சிரிப்பு எழுந்தது அந்த வரிக்குத்தான். அங்கே இருந்த ஏழெட்டுப் பேரில் பக்கவாதம் வந்து கிடக்கும் அப்பாவோ அம்மாவோ இல்லாத வீடு எத்தனை? அவர்களை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும், எலும்பு தெரியும் வரை போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. மடிப்புகளில் ஈரம் தங்கக் கூடாது. பவுடர் போட வேண்டும். நாடா இறுகக் கூடாது. வரிக்கு வரி அதே குறிப்பு. ஒரு வித்தியாசம், இங்கே உடம்புக்கு வலிக்கும். வலிக்கிறது என்று சொல்ல வாய் வராமல் போயிருக்கும். இதைத் தெரிந்தவர்கள் சிரித்திருக்க முடியாது. நம் வீடுகளில் இதைத் தெரிந்தவர்கள் கூட்டத்துக்கு வரவில்லை, வீட்டில் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை நம்பி விட்டுவிட்டுத்தான் நாம் அங்கே உட்கார்ந்து ரில்கே பேசினோம்.

கொல்லிப்பாவை என்ற பெயரில் நம்மிடையே ஒரு சிறுபத்திரிகையே வந்தது. பார்த்தவரை மயக்கிக் கொல்லும் அந்தப் பாவையின் வசீகரம் நம் கவிதைகளில் நிறைய இறங்கியிருக்கிறது. சங்கப் பாடல்களில் இன்னொரு பாவையும் உண்டு. சிறுமிகள் பஞ்சாய்க் கோரையில் முடைந்து விளையாடும் பாவை, அலை வந்தால் போய்விடும், சிறுமி அழுவாள். பண்ருட்டிப் பக்கத்துக் காகிதக் கூழ்ப் பொம்மைகளைக் கொலு முடிந்ததும் ஈரத்துணி படாமல் தூசி தட்டி, பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் கிழவிகள் அந்தச் சிறுமியின் வம்சம். இந்தப் பாவையைப் பற்றி நவீன கவிதை என்ன எழுதியது? பொம்மை என்றால் உயிரற்றது, பொம்மை போல் ஆட்டுவிக்கப்பட்டது, பொம்மை போல் பெண். இந்த மூன்றைத் தவிர நான்காவதாக ஓர் அர்த்தம் நம் புதுக்கவிதையில் எங்கே என்று யாராவது காட்டினால் சந்தோஷப்படுவேன். ஜப்பானில் பழைய பொம்மைகளைக் குப்பையில் போட மனம் வராமல் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரம் சொல்லி வழியனுப்பும் வழக்கம் இருக்கிறது. இதுவும் மூடநம்பிக்கைதான். ஆனால் பல வருஷம் துடைத்து உடுத்திய கைக்குத் தூக்கிப் போட வராது என்பதைக் கண்டுகொண்ட மூடநம்பிக்கை. நம் கவிகளின் பகுத்தறிவுக்கு இது இன்னும் எட்டவில்லை.

நண்பரின் கட்டுரை விரைவில் அச்சாகப் போகிறது என்று கேள்விப்படுகிறேன். தேர்ந்த உரைநடை, ஐரோப்பியப் பெயர்களின் உச்சரிப்பெல்லாம் சுத்தம். வரட்டும். கோகோஷ்காவின் பெயர் அதில் இருபது தடவையாவது வருகிறது. மியூனிக்கில் ஊசி பிடித்தவளையும் ட்ரெஸ்டனில் உடுத்தியவளையும் ஒரு கைவினைப் பெண், ஒரு வேலைக்காரி என்று போட்டிருக்கிறார். ஹெர்மினே மூஸ், ஹுல்டா என்று திருத்தினால் பக்கம் கூடாது.